காற்றின் கணக்குப் புத்தகம்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குக் கணக்குப் புத்தகத்தின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பால்மரக் காலத்தில் நம் தாய்மார்கள் விடியுமுன் மரம் வெட்டி, வாளிகளைத் தோளில் சுமந்து பால் ஸ்டோருக்குக் கொண்டு போவார்கள். அங்கே கிராணியார் நிறுத்து எழுதுவார். பாலின் எடை எவ்வளவு, தண்ணீர் போக அதில் ரப்பர் எவ்வளவு என்பதெல்லாம் அவர் புத்தகத்தில் ஏறும். மாதக் கடைசியில் சம்பளத்தைத் தீர்மானிப்பது அந்தப் புத்தகந்தான். எழுதியதைத் தொழிலாளியும் பார்க்க முடிந்த தோட்டத்தில் சச்சரவு குறைவு. பார்க்க முடியாத தோட்டத்தில் சந்தேகம் தீர்ந்ததே இல்லை. இன்று செம்பனைக் குலையை எண்ணும்போதும் இதே நிலைதான்.

காற்றுக்கும் இப்படி ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. நாம் மூச்சிழுக்கும் காற்றில் எவ்வளவு புகை, எவ்வளவு தூசி என்று கருவிகள் இரவும் பகலும் அளந்து எழுதுகின்றன. அந்தப் புத்தகம் யார் கையில் இருந்தது, எப்போது நம் பார்வைக்கு வந்தது என்பதே இன்றைய பேச்சு.

புகை எல்லை தாண்டி வரும் தொல்லையை நமக்கு முன்பே அனுபவித்தவர்கள் ஐரோப்பியர். ஆகவே முதலில் அங்கே சற்றுப் போய் வருவோம்.

சுவீடன் நாட்டில் ஏரிகள் பல. 1960களில் அந்த ஏரிகளில் மீன்கள் அருகி வரத் தொடங்கின. அருகில் பெரிய ஆலை எதுவும் இல்லை. பின் காரணம் என்ன? ஸ்வாந்தே ஓடேன் என்னும் மண்ணியல் அறிஞர் பல நாடுகளின் மழைநீர் அளவீடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, 1967இல் ஒரு நாளிதழில் விடையை எழுதினார். பிரிட்டனிலும் ஐரோப்பாவின் நடுப்பகுதியிலும் நிலக்கரி எரித்த புகை காற்றோடு வந்து, மழையில் கரைந்து, அமிலமாக இறங்குகிறது என்றார். புகை அனுப்பிய நாடுகள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "எங்கள் புகைதான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டன.

ஆதாரம் ஒரே ஒரு நாட்டின் புத்தகத்தில் இருந்தால் மற்ற நாடு நம்புமா? நம்பாது. எல்லாரும் ஒரே முறையில் அளந்து, ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். 1970களில் அந்த வேலை தொடங்கியது. 1979இல் ஜெனீவா நகரில், எல்லை தாண்டும் காற்று மாசைப் பற்றிய உடன்படிக்கை கையெழுத்தானது. நாடுகள் தங்கள் அளவீடுகளைப் பகிர்ந்துகொள்ளக் கடமைப்பட்டன. எந்த நாட்டுப் புகை எந்த நாட்டில் இறங்குகிறது என்று கணக்குப் போட்டுக் காட்ட முடிந்தது. கணக்கு தெளிவான பிறகு மறுப்பதற்கு வழி குறைந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கந்தகப் புகையும் பெருமளவு குறைந்தது.

ஆனாலும் கணக்கை மறைக்கும் பழக்கம் எளிதில் போகவில்லை. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சோவியத் நாட்டின் செர்னோபில் அணுமின் நிலையம் வெடித்தது. வெளி உலகுக்கு ஒரு சொல் வரவில்லை. இரண்டு நாள் கழித்து, சுவீடனின் போர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஓர் ஊழியரின் காலணியில் கதிரியக்கம் இருப்பதைக் கருவி காட்டிக் கொடுத்தது. அதன் பின்னரே மாஸ்கோ வாய் திறந்தது. அந்த இரண்டு நாளும் காற்று எல்லைகளைக் கடந்து வீசிக்கொண்டே இருந்தது, செய்திதான் கடக்கவில்லை.

இத்தகைய பாடங்களுக்குப் பிறகு ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமை அமைக்க 1990இல் சட்டம் இயற்றப்பட்டது. 1994 முதல் அது கோபன்ஹேகன் நகரில் இயங்கி வருகிறது. இன்று 32 நாடுகள் அதில் உறுப்பியம் பெற்றுள்ளன. ஒவ்வொரு நாடும் தன் காற்று, நீர், நிலம் பற்றிய அளவீடுகளைக் கணினி வழியே அனுப்புகிறது. 1998இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே சென்றது. சுற்றுச்சூழல் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறுவது பொதுமக்களின் உரிமை என்று அது கூறியது. அரசுக்கு அரசு காட்டிய புத்தகத்தைக் குடிமகனும் புரட்டிப் பார்க்கலாம் என்றாயிற்று.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம்.

நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. ஆனால் நெருப்பு ஓரிடம், புகை ஓரிடம் என்பது நம் வட்டாரத்தின் அனுபவம். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் உள்ள சதுப்பு நிலங்களில், இலையும் மரமும் மக்கிப் பல அடி ஆழத்துக்குப் படிந்து கிடக்கின்றன. காட்டை அழித்து அந்த நிலத்தை வடியவிட்டுத் தீ வைத்தால், மேலே அணைந்தாலும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் புகையை நீரிணைக்கு இக்கரையில் கொண்டுவந்து சேர்க்கும். பினாங்குப் பாலத்தில் நின்றால் மலையும் தெரியாது, பட்டர்வொர்த்தும் தெரியாது.

1997ஆம் ஆண்டை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். மழை பொய்த்த ஆண்டு அது. அந்த ஆண்டு செப்டம்பரில் சரவாக் மாநிலத்தில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. கூச்சிங் நகரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 839ஐ எட்டியது. இந்த எண்ணின் பொருள் என்ன? 50 வரை நல்ல காற்று. 100 வரை மிதமானது. 100ஐத் தாண்டினால் உடல்நலத்துக்குக் கேடு. 200ஐத் தாண்டினால் மிகக் கேடு. 300ஐத் தாண்டினால் ஆபத்து. 839 என்றால் எத்தகைய காற்று என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு பட்ட பிறகு கணக்குப் புத்தகம் அகலத் திறந்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. 1999 முதல் நம் நாட்டில் இந்தக் குறியீட்டு எண்கள் பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை. சுற்றுப்பயணிகள் வராமல் போய்விடுவார்கள் என்ற அச்சமே காரணம். கருவிகள் அளந்துகொண்டுதான் இருந்தன. எண்களும் ஏறிக்கொண்டுதான் இருந்தன. வெட்டவெளியில் குலை தள்ளியவருக்கும், திடலில் ஓடியாடிய பிள்ளைக்கும் மட்டும் அந்த எண் தெரியாது. தன் பாலின் எடையைத் தானே பார்க்க முடியாத தொழிலாளியின் நிலை இதுதான். அங்கே இழந்தது கூலி; இங்கே இழப்பது மூச்சு.

2005 ஆகஸ்டில் புகைமூட்டம் மீண்டும் சூழ்ந்தது. போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்டி, அவசர நிலை அறிவிக்கப்பட்டது. அந்த நாள்களில்தான் எண்களை மறைக்கும் வழக்கமும் கைவிடப்பட்டது. இன்று சுற்றுச்சூழல் துறையின் இணையத்தளத்தில் மணிக்கு மணி எண்கள் வெளிவருகின்றன. நம் பினாங்கு மாநிலத்தில் மிண்டன், பாலிக் பூலாவ், செபராங் ஜெயா ஆகிய இடங்களின் எண்களையும் அங்கே காணலாம்.

புத்தகம் திறந்த பிறகு இன்னொரு சங்கடம் தெரிய வந்தது. 2013 ஜூன் மாதத்தில் மூவாரும் லெடாங்கும் அவசர நிலைக்கு உள்ளாயின. சிங்கப்பூரும் புகையில் மூழ்கியது. ஒரே புகை, ஆனால் இரு நாடுகளும் வெவ்வேறு படிக்கல் வைத்து நிறுத்தன. நுரையீரலின் ஆழம்வரை செல்லும் மிக நுண்ணிய துகளைச் சிங்கப்பூர் 2014இல் தன் குறியீட்டில் சேர்த்துக்கொண்டது. நாம் சேர்த்தது 2018இல்தான். இடைப்பட்ட காலத்தில் இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்து மக்கள் குழம்பினார்கள். தராசு ஒன்றாக இல்லாவிட்டால் கணக்கைப் பகிர்ந்தும் பயன் அரைதான்.

நாடுகளுக்கிடையிலான முயற்சியும் மெதுவாகவே நடந்தது. ஆசியான் நாடுகள் எல்லை தாண்டும் புகைமூட்ட உடன்படிக்கையை 2002இல் கோலாலம்பூரில் கையெழுத்திட்டன. தீயைக் கண்காணித்துத் தகவல் பரிமாறிக்கொள்வது அதன் முக்கியமான பகுதி. புகை புறப்படும் இந்தோனேசியா அதை உறுதிப்படுத்தியது 2014இல்! எங்கே தீ எரிகிறது என்பதைத் துணைக்கோள் வானத்திலிருந்து காட்டிவிடும். அந்த நிலம் யாருக்குக் குத்தகைக்கு விடப்பட்டது என்பதை வரைபடம்தான் காட்டும். 2013இல் அத்தகைய வரைபடங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க இந்தோனேசியாவும் மலேசியாவும் இசையவில்லை. இதில் நமக்கு ஒரு பங்குண்டு. எரிந்த நிலங்களில் செம்பனைக்காக அழிக்கப்பட்டவையும் உண்டு. நாமோ செம்பனையால் பிழைப்பவர்கள். நெருப்பு யாருடையது என்று கேட்க நமக்குக் கூச்சம் கூடாது.

புகை எப்போதும் கடல் கடந்துதான் வரும் என்பதுமில்லை. 2022 ஜனவரியில் நிபோங் திபால் அருகே பூலாவ் புரோங் குப்பைக் கிடங்கு தீப்பற்றி, நாள்கணக்கில் புகைந்தது. அளவு நிலையம் எல்லாத் தோட்டத்துக்கும் பக்கத்தில் இருக்க முடியாது. ஆகவே கருவி காணாததை நம் கண்ணும் மூக்கும் கண்டு, உரிய இடத்தில் முறையிட வேண்டும்.

நேயர்களே, திறந்து வைத்த புத்தகத்தைப் படிப்பார் இல்லையென்றால் அது மூடிய புத்தகம்தான். புகை நாளில் வீட்டுக்கு ஒருவர் கைப்பேசியில் அன்றைய எண்ணைப் பார்க்கட்டும். 100ஐத் தாண்டினால் பிள்ளைகளையும், கர்ப்பிணிகளையும், இழுப்பு நோயாளிகளையும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாயில் கட்டும் துணி நுண்துகளைத் தடுக்காது. அதற்கென உள்ள முகக்கவசம் வேண்டும். வெளி வேலை செய்வோர் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, வேலை நேரத்தைப் பற்றி நிருவாகத்திடம் பேசலாம். வெறும் வாய்ப்பேச்சைவிட எண்ணோடு சொல்லும் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

தோட்டப் பள்ளிகளில் பணியாற்றும் எங்களுக்கும் ஒரு கடமை உண்டு. பள்ளி வாசலில் ஒரு கரும்பலகை. நாள்தோறும் ஒரு மாணவர் அதில் அன்றைய எண்ணை எழுதட்டும். சோவியத் நாடு இரண்டு நாள் மறைத்தது. நம் நாட்டில் ஆறாண்டு மறைந்திருந்தது. அந்த எண் இனி நம் பிள்ளைகளின் கையெழுத்தில், போவோர் வருவோர் எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும்.