பிலோடென்ட்ரான் குளோரியோசம்

பிலோடென்ட்ரான் குளோரியோசம் என்பது தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டைத் தாயகமாகக் கொண்ட, அரேசியே எனப்படும் சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அழகுத் தாவரம் ஆகும். இதய வடிவமும், வெல்வெட்டுத் துணி போன்ற பரப்பும், வெண்ணிற நரம்புகளும் கொண்ட இதன் பெரிய இலைகளுக்காக இது வீட்டினுள்ளும் கண்ணாடிக் கூடங்களிலும் வளர்க்கப்படுகின்றது. பிலோடென்ட்ரான் பேரினத்தில் நன்கு அறியப்பட்ட பல இனங்கள் மரங்களைப் பற்றி ஏறுபவை. இதுவோ நிலத்தின் மீது ஊர்ந்து வளர்வது. இவ்வேறுபாட்டை அறியாமல், கொடி எனக் கருதிக் கழி நட்டுக் கட்டுவதும், பிற செடிகளைப் போலத் தண்டை மண்ணுள் புதைப்பதும் வீடுகளில் இச்செடி அழிவதற்கு முக்கியமான காரணங்கள் ஆகும்.

பெயர்

பிலோடென்ட்ரான் என்னும் பேரினப் பெயர் கிரேக்க மொழியில் "மரத்தை விரும்புவது" எனப் பொருள்படும். மரமேறாத இவ்வினத்துக்கு அப்பெயர் அவ்வளவாகப் பொருந்துவதில்லை. குளோரியோசம் என்பது "புகழ் மிக்கது, மாட்சிமை உடையது" என்னும் பொருள் கொண்ட இலத்தீன் சொல். செங்காந்தளின் பேரினப் பெயரான குளோரியோசா என்பதும் இதே சொல்லின் மற்றொரு வடிவமே. எனினும் இவ்விரு தாவரங்களுக்கும் எவ்வித உறவும் இல்லை.

இவ்வினத்தை 1876 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுத் தோட்டக்கலை வல்லுநரான எடுவார் ஆந்திரே (1840–1911) விவரித்துப் பெயரிட்டார். இவர் 1875–76 காலப்பகுதியில் கொலம்பியா, எக்குவடோர் ஆகிய நாடுகளில் தாவரங்களைத் தேடிப் பயணம் செய்தவர். பூக்கடைகளில் காணப்படும் செந்நிறப் பாளை கொண்ட அந்தூரியம் ஆந்திரேயானம் இவருடைய பெயரையே தாங்கியுள்ளது.

தோற்றம்

இதன் தண்டு ஏறத்தாழக் கைவிரல் பருமன் முதல் அதற்கு மேலும் தடித்து, நிலத்தின் மேற்பரப்பில் படுத்த நிலையில் வளர்கின்றது. இஞ்சி, மஞ்சள் போன்றவற்றின் தண்டைப் போல இது மண்ணுள் மறைந்திருப்பதன்று. மழைக்காட்டின் தரையில் விழுந்து மக்கும் இலைகளின் மீது கிடந்து, கணுக்களின் அடிப்புறத்திலிருந்து வேர்களைக் கீழே செலுத்துகின்றது. நுனி முன்னோக்கி வளர, பின்பகுதியில் உள்ள முதிர்ந்த இலைகள் உதிர்ந்து தண்டு வெறுமையாகின்றது. இவ்வாறு செடி ஆண்டுதோறும் சிறிது சிறிதாக இடம்பெயர்ந்து செல்கின்றது எனலாம்.

இலைகள் நீண்ட காம்புகளின் மேல் தனித்தனியே நிற்கும். வீட்டில் வளரும் செடியில் அவை 30 செ.மீ. அளவை எட்டினாலே நன்கு வளர்ந்தவை எனக் கருதப்படும். இயற்கையிலும் பெரிய கண்ணாடிக் கூடங்களிலும் அரை மீட்டரைத் தாண்டுவதுண்டு. இலை விளிம்பில் மெல்லிய செந்நிறக் கோடு காணப்படும். இளம் இலை ஒரு மடலுறைக்குள் சுருண்ட நிலையில் தோன்றி, மெதுவாக விரிகின்றது. ஓர் இலை வெளிப்பட்டு முழுமையாக விரிந்து கெட்டிப்படப் பல வாரங்கள் ஆகும். அதுவரை அதனைத் தொடாதிருப்பது நன்று.

வெல்வெட்டுத் தன்மைக்குக் காரணம் மயிர்கள் அல்ல. இலையின் புறத்தோல் உயிரணுக்கள் ஒவ்வொன்றும் சிறு குவிமாடம் போல மேல்நோக்கிப் புடைத்திருப்பதால் ஒளி சிதறி, பளபளப்பற்ற மென்மையான தோற்றம் உண்டாகின்றது. நிழல் மிகுந்த காட்டுத் தரையில் வாழும் தொடர்பற்ற பல தாவரங்களிலும் இத்தகைய உயிரணுக்கள் உள்ளன. பக்கவாட்டிலிருந்து வரும் மங்கிய ஒளியையும் இவை உள்வாங்க உதவுவதாகக் கருதப்படுகின்றது. இத்தகைய இலைகளுக்குக் கடைகளில் விற்கப்படும் மெருகூட்டும் எண்ணெய்த் தெளிப்புகளைப் பயன்படுத்துதல் கூடாது. தூசியை மென்மையான தூரிகையால் நீக்கலாம்.

பூங்கொத்து சேம்புக் குடும்பத்துக்கே உரிய முறையில், பாளை ஒன்றால் சூழப்பட்ட மடலாக அமையும். பெண் பூக்கள் அடியிலும் ஆண் பூக்கள் நுனிப் பக்கத்திலும் இருக்கும். பெண் பூக்கள் முதலில் முதிர்ந்துவிடுவதால், அதே மடலின் மகரந்தம் அவற்றுக்குப் பயன்படுவதில்லை. ஆகவே தனிச்செடி வைத்திருப்பவர் விதையை எதிர்பார்ப்பதற்கில்லை. வீட்டினுள் பூப்பதே அரிது.

வளர்ப்பு முறை

தொட்டியும் நடுதலும்

வட்டமான ஆழ்ந்த தொட்டியைவிட, சன்னலோரங்களில் வைக்கப்படும் நீள்சதுரத் தொட்டி இதற்கு ஏற்றது. செடியின் வெறுமையான பின்பகுதியைத் தொட்டியின் ஒரு முனையில் சுவரை ஒட்டி வைத்து, வளரும் நுனி எதிர்முனையை நோக்கி இருக்குமாறு நடவேண்டும். இவ்வாறு செய்தால் தொட்டியின் நீளம் முழுவதும் ஊர்வதற்கு இடம் கிடைக்கும். வட்டத் தொட்டியின் நடுவில் நட்டால் நுனி விரைவில் விளிம்பை அடைந்து வெளியே தொங்கத் தொடங்கும். அப்பகுதியில் தோன்றும் வேர்கள் பற்றுவதற்கு ஒன்றும் இல்லாமல் காய்ந்துவிடும்.

வேர்கள் மட்டுமே மண்கலவைக்குள் செல்லவேண்டும். தண்டின் அடிப்பாதி கலவையில் படிந்தும், மேற்பாதி காற்றில் வெளிப்பட்டும் இருத்தல் சரியான நிலை. செடி ஆடினால், வேரூன்றும் வரை வளைத்த கம்பியொன்றால் தண்டை மெதுவாகப் பிடித்துவைக்கலாம். ஆட்டத்தை நிறுத்துவதற்காக மேலும் மண்ணைக் கொட்டி மூடுவதே பலரும் செய்யும் தவறு. புதைந்த தண்டு முதலில் கணுவிலும், பின்னர் இலைக்காம்பின் அடியிலும் அழுகும். மேலே இலை மஞ்சளாகி வாடும்போது நீர் போதவில்லை எனக் கருதி மேலும் நீர் ஊற்றுவதால் செடி விரைவில் மடிகின்றது. இவ்வாறான நிலையில் உடனே செடியைத் தோண்டி எடுத்து, மென்மையாகிக் கறுத்த பகுதியை உறுதியான வெளிர்நிறத் திசு தெரியும் வரை வெட்டி நீக்கினால் எஞ்சிய நுனியைக் காப்பாற்ற முடியும்.

மண்கலவை

தோட்ட மண்ணை மட்டும் பயன்படுத்துதல் கூடாது. மரப்பட்டைத் துண்டுகள், தென்னை நார்க்கழிவு, பெர்லைட், மரக்கரித் துண்டுகள் ஆகியவற்றைக் கலந்து, நீர் ஊற்றியவுடன் வடிந்துவிடுவதும் ஆயினும் உள்ளே ஈரம் தங்குவதுமான கலவையை அமைக்கவேண்டும். அளவுகள் வளர்ப்பவரின் பழக்கத்தைப் பொறுத்தவை. அடிக்கடி நீர் ஊற்றும் பழக்கமுடையவர் மரப்பட்டையைக் கூட்டிக்கொள்வது நல்லது. தென்னை நார்க்கழிவில் உப்பு தங்கியிருக்கக்கூடும் என்பதால் அதனைப் பலமுறை கழுவிய பின்னரே சேர்க்கவேண்டும்.

நீரும் உரமும்

கலவையின் மேற்பரப்பு 2 முதல் 3 செ.மீ. ஆழம் வரை உலர்ந்த பின்னர் நீர் ஊற்றலாம். ஊற்றும்போது தண்டின் மீதன்றிச் சுற்றிலும் ஊற்றி, அடித்துளை வழியே வடியவிட வேண்டும். தட்டில் தேங்கும் நீரை நீக்கிவிட வேண்டும். வளரும் பருவத்தில், உறையில் கூறப்பட்டுள்ள அளவில் பாதி அல்லது அதற்கும் குறைவாக நீர்த்த உரக்கரைசல் மாதம் ஓரிரு முறை போதுமானது. மிகுதியான உரம் வேர் நுனிகளைக் கருக்கிவிடும்.

ஒளி, வெப்பம், காற்றீரம்

நேரடி வெயில் படாத, நல்ல வெளிச்சமுள்ள இடம் வேண்டும். காட்டின் நிழலில் வாழ்வது என்பதால் இருண்ட மூலையிலும் வளரும் என எண்ணுதல் தவறு. ஒளி குறைந்தால் காம்புகள் நீண்டு, இலைகள் சிறுத்துவிடும். ஒளி மிகுந்தால் இலையின் பசுமை வெளிறும். 18 முதல் 29 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலை ஏற்றது. 15 பாகைக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும்.

காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டிற்கு மேல் இருப்பது விரும்பத்தக்கது. குளிரூட்டப்பட்ட அறைகளின் காற்று உலர்ந்திருப்பதால், விரியும் இலை உறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு, பின்னர் கிழிந்தோ வடிவம் சிதைந்தோ வெளிவரும். ஒட்டிய உறையை விரலால் உரித்துவிடுவதைவிட ஈரப்பஞ்சால் நனைத்து, தானே விடுபடும் வரை பொறுத்திருப்பது நல்லது. இலைகளின் மீது நீர் தெளிப்பது பலராலும் பரிந்துரைக்கப்பட்டாலும் அதன் பயன் சில நிமிடங்களே நீடிக்கும். காற்றோட்டமில்லாத அறையில் தேங்கும் நீர்த்துளிகள் இலைப்புள்ளி நோய்க்கும் வழிவகுக்கும். ஈரமூட்டும் கருவியையோ, சிறிய செடியாயின் கண்ணாடிப் பெட்டியையோ பயன்படுத்தலாம்.

பூச்சிகள்

செஞ்சிலந்தி, இலைப்பேன், மாவுப்பூச்சி, செதிற்பூச்சி ஆகியவை இச்செடியைத் தாக்குகின்றன. இவற்றுள் இலைப்பேன் மிகவும் தொல்லை தருவது. அது இலைத் திசுவுக்குள்ளேயே முட்டையிடுவதால் ஒருமுறை மருந்து தெளிப்பதால் ஒழிவதில்லை. சில நாள் இடைவெளியில் பலமுறை தெளிக்கவேண்டும். புதிதாக வாங்கிய செடியைச் சில வாரங்கள் மற்றவற்றிலிருந்து பிரித்து வைப்பது இதனால்தான்.

இனப்பெருக்கம்

தண்டை வெட்டிப் பெருக்குவதே வீட்டில் இயலும் முறை. நுனி மொட்டு உயிருடன் இருக்கும் வரை பின்பகுதிக் கணுக்களில் உள்ள மொட்டுகள் பெரும்பாலும் உறங்கியே கிடக்கும். பின்தண்டை வெட்டியெடுத்து ஈரமான ஸ்பேக்னம் பாசியின் மீது கிடத்துவது ஒரு வழி. ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது இரண்டு கணுக்களேனும் இருத்தல் வேண்டும். வெட்டுவாய் உலர்ந்த பின்னரே பாசியில் வைக்கவேண்டும்.

இதனினும் இடர் குறைந்த வழி ஒன்றுண்டு. தூய்மையான கத்தியால் தண்டைத் தொட்டியில் இருக்கும் நிலையிலேயே குறுக்கே வெட்டி, இரு பகுதிகளையும் இடம் மாற்றாமல் விட்டுவிட வேண்டும். நுனியின் கட்டுப்பாடு நீங்கியதும் பின்பகுதி மொட்டு தன் பழைய வேர்களைக் கொண்டே துளிர்க்கும். ஓரிரு இலைகள் வந்த பிறகு பிரித்து நடலாம். நுனிப் பகுதியில் போதிய வேர்கள் இருப்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே வெட்டவேண்டும்.

அருமையும் வணிகமும்

மெதுவாக வளர்வதும், ஒரு செடியிலிருந்து சில துண்டுகளே கிடைப்பதும் இதனை நெடுங்காலம் அரிய செடியாக வைத்திருந்தன. 2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுச் செடிகளின் மீது ஏற்பட்ட ஆர்வத்தால் இதன் விலை மிகவும் உயர்ந்தது. பின்னர் திசு வளர்ப்பு முறையில் உருவாக்கப்பட்ட கன்றுகள் சந்தைக்கு வந்ததும் விலை வீழ்ந்தது. வளர்ப்போருக்கு இது நன்மையே. காட்டிலிருந்து பிடுங்கி விற்பதற்கான தூண்டுதலும் இதனால் குறைகின்றது. மெதுவாக ஊரும் ஒரு செடியைப் பிடுங்கினால், பல ஆண்டுகளின் வளர்ச்சி ஒரே நாளில் அவ்விடத்தை விட்டுப் போய்விடுகின்றது.

வாங்கும்போது, கிழிந்தும் பாசி படிந்தும் உள்ள முதிர்ந்த இலைகள், வேரற்ற தடித்த தண்டு, நெருக்கமின்றித் தொட்டியில் அண்மையில் செருகப்பட்ட தோற்றம் ஆகியவை சேர்ந்து காணப்பட்டால், செடி எங்கிருந்து வந்தது என விற்பவரிடம் கேட்டறிதல் வேண்டும். ஒரே அளவிலான சிறு கன்றுகள் பெரும்பாலும் திசு வளர்ப்பில் வந்தவையாகும்.

நச்சுத்தன்மை

சேம்பு, கருணைக்கிழங்கு ஆகியவற்றைப் போலவே இத்தாவரத்திலும் கால்சியம் ஆக்சலேட்டு ஊசிப் படிகங்கள் உள்ளன. மென்றால் வாயிலும் தொண்டையிலும் எரிச்சலும் வீக்கமும் உண்டாகும். கருணைக்கிழங்கைப் போல இதனைச் சமைத்து உண்ணலாகாது. குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். தண்டை வெட்டும்போது கையுறை அணிதல் நல்லது.

ஒத்த தாவரங்கள்

அந்தூரியம் கிரிஸ்டலினம் பார்வைக்கு மிகவும் ஒத்தது. ஆனால் அதன் இலைக்காம்பு இலையோடு சேருமிடத்தில் சிறிய முழங்கால் போன்ற புடைப்பு இருக்கும். குளோரியோசத்தில் அது இல்லை. எக்குவடோரைச் சேர்ந்த பிலோடென்ட்ரான் பாஸ்டசானம் இதைப் போலவே ஊர்வது எனினும் அதன் இலை பளபளப்பானது. கொலம்பியாவைச் சேர்ந்த பிலோடென்ட்ரான் மெலனோகிரைசம் வெல்வெட்டு இலை உடையதாயினும், இலை நீண்டு கருமை கலந்து தொங்கும், மரமேறும். இதனையும் குளோரியோசத்தையும் கலந்து உருவாக்கப்பட்ட கலப்பினம் ஒன்றும் "குளோரியஸ்" என்னும் பெயரில் விற்கப்படுகின்றது. பெயர் ஒத்திருப்பதால் இரண்டும் மாறிப்போவதுண்டு. அக்கலப்பினம் ஏறும் இயல்புடையது. அதற்குக் கழி நட்டுக் கட்டுவதே முறை.