காவலுக்குப் போனவர்கள்

சீன தேசத்தின் கடைசிச் சக்கரவர்த்தியான பூ யீ, தம் சுயசரிதையில் ஒரு வேடிக்கையான உண்மையை ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் மஞ்சு இனத்தவர். அரண்மனையில் ஆசிரியர் வைத்து மஞ்சு பாஷையைக் கற்பித்தார்கள். ஆயினும் முன்னோர் பேசிய அந்தப் பாஷையில் ஒரே ஒரு சொல்தான் அவருக்கு வந்ததாம். அந்தச் சொல் ‘இலி’. ‘எழுந்திரு’ என்று அர்த்தம். மண்டியிட்டு வணங்கும் பிரபுக்களுக்குச் சக்கரவர்த்தி சொல்ல வேண்டிய விடை அது.

தமிழில் ‘இலி’ என்றால் இல்லாதவன். சொந்தப் பாஷை இல்லாமற்போன அரசருக்கு அந்த ஒரு சொல் மட்டும் மிஞ்சியது பொருத்தமாகத்தான் இருக்கிறது!

மஞ்சுக்கள் தோற்றுப்போய்ப் பாஷையை இழக்கவில்லை, ஜெயித்து இழந்தார்கள். சீனத்துக்கு வடகிழக்கே காடும் ஆறுமான பூமி அவர்களுடையது. 1599இல் நூர்ஹாசி என்ற தலைவன் மங்கோலிய எழுத்தைத் தழுவித் தன் பாஷைக்கு ஒரு லிபி உண்டாக்கச் செய்தான். 1644இல் அவனுடைய சந்ததியார் பீகிங் நகரத்தைப் பிடித்தார்கள். 1912 வரை சீனத்தை ஆண்டார்கள். ஆனால் ஆளப்பட்டவர்கள் கடல். ஆண்டவர்கள் ஒரு குடம் நீர். தலைமுறைக்குத் தலைமுறை வீட்டுப் பேச்சில் சீனம் ஏறிக்கொண்டே வந்தது. மஞ்சு பேசத் தெரியாத தம் இனத்து அதிகாரிகளைப் பதினெட்டாம் நூற்றாண்டில் சியென்லுங் சக்கரவர்த்தி பலமுறை கடிந்துகொண்டார். தேசங்களை வென்றவரால், தம் குலத்தார் வீட்டு அடுக்களைப் பேச்சை மாற்ற முடியவில்லை. இன்று சீனத்தில் மஞ்சு என்று பதிவு செய்துகொண்டவர்கள் 1 கோடிக்கு மேல். அவர்களில் தாய்மடியில் அந்தப் பாஷையைக் கற்றவர்கள், வடகிழக்குக் கிராமங்கள் சிலவற்றில் இருக்கும் விரல்விட்டு எண்ணத்தக்க முதியவர்களே.

அப்படியானால் பாஷை செத்துப்போயிற்றா? இல்லை. அது வேறோர் ‘இலி’க்குப் போய்விட்டது. இது சொல் அல்ல, ஆறு. சீனத்தின் மேற்குக் கோடியில், கஜகஸ்தான் எல்லையை நோக்கி ஓடுகிறது. பெயர் ஒத்திருப்பது தற்செயல்தான். அந்த ஆற்றின் தென்கரையில் சிபோ என்ற மக்கள் வாழ்கிறார்கள். மஞ்சுக்களுக்கு நெருங்கிய உறவினரான அவர்கள், 1692 முதல் மஞ்சுக் கொடியின் கீழ்ப் படைவீரர்களாய் இருந்தவர்கள். அவர்கள் பேசுவதை மஞ்சு பாஷையின் ஒரு கிளை என்றே அறிஞர் பலர் சொல்லுகிறார்கள்.

வடகிழக்கில் இருந்தவர்கள் இவ்வளவு தூரம் எப்படி வந்தார்கள்? 1755 முதல் சில ஆண்டுகளுக்குள் சியென்லுங்கின் சேனை ஜுங்கார் என்ற மங்கோலிய ராஜ்யத்தை அழித்தது. போரும் அம்மை நோயும் சேர்ந்து அந்த மண்ணை வெறிச்சோடச் செய்தன. வெறும் மண்ணுக்குக் காவல் வேண்டும். வில்வித்தையில் பெயர் பெற்ற சிபோ வீரர்களை முக்டனிலிருந்து அனுப்பும்படி 1764இல் ஆணை பிறந்தது. முக்டன் என்பது இன்றைய ஷென்யாங் நகரம்.

போகிறவர்களும் இருக்கிறவர்களும் நாலாம் மாதம் பதினெட்டாம் நாள் தங்கள் கோயிலில் கூடி, ஒன்றாய் உண்டு, பிரிந்தார்கள். ஏறக்குறைய 1,000 வீரர்கள். மனைவி மக்களைச் சேர்த்தால் பட்டியலில் 3,000 பேருக்கு மேல். மாட்டு வண்டிகளில் மங்கோலியாவைக் கடந்தார்கள். உலியாஸ்தாயில் பனிக்காலம் கழிந்தது. மாடுகள் மடிந்தன. அங்கிருந்த தளபதியிடம் குதிரைகளும் ஒட்டகங்களும் கடனாக வாங்கிக்கொண்டு நடந்தார்கள். இலியை அடைந்தபோது 1765ஆம் வருஷத்துக் கோடை.

வழியில் தலைகளை எண்ணிப் பார்த்த அதிகாரிகள் திகைத்தார்கள். பட்டியலில் இல்லாத 400 பேர் கூடவே வந்திருந்தார்கள்! அண்ணனைப் பிரிய மாட்டாத தம்பியோ, மகளை விட்டிருக்க முடியாத தாயோ, யார் கண்டது? அவர்களன்றி, வழியிலேயே பிறந்த குழந்தைகள் 300க்கு மேல்.

அறுபது ஆண்டு காவல் இருந்தால் ஊர் திரும்பலாம் என்று சக்கரவர்த்தி வாக்களித்ததாக அவர்களிடையே ஒரு கர்ண பரம்பரைச் செய்தி உண்டு. அறுபது ஆண்டு ஆவதற்கு முன்பே, 1802இல், தூபோத் என்ற தலைவர் இலி ஆற்றிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால் வெட்டத் தொடங்கினார். பலர் நடக்காத காரியம் என்றார்கள். ஆறு ஆண்டு உழைத்து 1808இல் முடித்தார்கள். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளம், பொட்டல் வயலாயிற்று. ஆறு ஆண்டு மண் சுமந்து வாய்க்கால் வெட்டுகிறவன், மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்ப எண்ணுகிறவனாக இருக்க முடியாது. அவர்கள் மனத்துக்குள் என்று குடியேறினார்கள் என்று கேட்டால், நான் 1802 என்றே சொல்வேன்.

எட்டுப் படைப்பிரிவுகள் எட்டுக் கிராமங்களாயின. பிரிவுக்கு ‘நிரு’ என்று பெயர். நிரு என்றால் அம்பு. ஆற்றுக்குத் தெற்கே ஒதுங்கி வாழ்ந்ததால் பேச்சு கலையவில்லை, எழுத்தும் மறக்கவில்லை. 1946இல் அந்த எழுத்தில் பத்திரிகையே தொடங்கினார்கள். 1954இல் அவ்வட்டாரம் சப்சால் சிபோ சுயாட்சி வட்டமாயிற்று. முக்டன் பக்கத்திலேயே தங்கிவிட்ட சிபோக்கள்தாம் இன்றும் தொகையில் அதிகம். அவர்களோ சீனமே பேசுகிறார்கள். வீட்டில் இருந்தவன் இழந்தான், வெளியேற்றப்பட்டவன் வைத்திருந்தான்.

இதைப் பெருமைக் கதையாக மட்டும் சொல்லிவிடக் கூடாது. அவர்கள் பாஷையைக் காக்கவென்று புறப்பட்டவர்கள் அல்லர். ஆணைக்குப் பணிந்து போனவர்கள். தனிமைதான் அதைக் காத்தது. இன்று அந்தத் தனிமை இல்லை. பள்ளிக்கூடமும் தொலைக்காட்சியும் நகரத்து வேலையும் சீனத்தில் அழைக்கின்றன. இளைஞர்கள் அந்தப் பக்கம் சாய்கிறார்கள்.

பீகிங்கின் ஆவணக் காப்பகத்தில் மஞ்சு எழுத்தில் சுமார் 20 லட்சம் ஏடுகள் இருக்கின்றன. சக்கரவர்த்திகளின் கட்டளைகள், கடிதங்கள், கணக்குகள். 1970களில் அவற்றைப் படிக்க ஆள் தேடியபோது, இலிக் கரையிலிருந்து சிபோ இளைஞர்களை வரவழைத்தார்கள். எந்த அரண்மனையின் ஆணை அவர்களுடைய பாட்டனாரைக் கோடிக்கு அனுப்பியதோ, அந்த அரண்மனையின் காகிதத்தைப் பேரன் எடுத்துப் படித்தான்.

நாலாம் மாதம் பதினெட்டாம் நாள் சப்சாலில் இன்னமும் திருவிழா. அன்று ஊரார் கூடி உண்டு, வில் எய்து, ஆடிக் களிக்கிறார்கள். ஷென்யாங்கிலும் அதே நாளில் கொண்டாடுகிறார்கள். பிரிந்த நாளை இரு பக்கத்தாரும் மறக்கவில்லை. ஆனால் இன்று ஒருவர் வீட்டுக்கு மற்றவர் விருந்தாளியாகப் போனால், இருவரும் சீனத்தில்தான் பேசிக்கொள்ள வேண்டும்.