நெல்லுக்கு மாடி இல்லை

2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் பாய்ந்ததைச் சென்னைப் புறநகர் மறக்காது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் மாடிக்கு ஏறிக்கொள்ளலாம். நெல்லுக்கு மாடி இல்லை. தலை மூழ்கிய இளம்பயிர் ஒரு வாரம் தாண்டுவதே பெரிய பாடு. அதை இரண்டு வாரம் வரை பிழைக்க வைக்கும் மரபணு ஒன்று உண்டு. ஒடிசாவில் கிளம்பி, பிலிப்பைன்சும் கலிஃபோர்னியாவும் சுற்றி, தமிழ்நாட்டுச் சம்பா வயலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அதன் சொந்த வீடு தலபுட்டியா என்ற ஒடிசா நாட்டு நெல். அதிலிருந்து 1940களில் பொறுக்கி எடுத்த தேர்வுக்கு எஃப்.ஆர். 13ஏ என்று பெயர். வெள்ளத்தைத் தாங்கும்; ஆனால் உயரமாக வளரும், மகசூல் சொற்பம், அரிசியும் சுமார்தான். பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1970களிலேயே இதை அடையாளம் கண்டு ஒட்டுச் சேர்க்கப் பார்த்தது. வெள்ளம் தாங்கும் குணத்தோடு வேண்டாத குணங்களும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டன. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று பார்த்துப் பிரிக்க அன்றைக்கு வழியில்லை.

வழி திறந்தது 1996இல். கலிஃபோர்னியாவின் டேவிஸில் கெனாங் சூவும் டேவிட் மக்கிலும் எஃப்.ஆர். 13ஏ வழிவந்த நெல்லை வெள்ளம் தாங்காத ஒரு நெல்லோடு கலந்து, பிறந்த பிள்ளைகளைக் குடும்பம் குடும்பமாகத் தண்ணீரில் மூழ்கடித்தார்கள். தண்ணீரை வடித்தபின் எது புதுக் குருத்து விடுகிறது, எது அழுகிச் சாய்கிறது என்று குறித்தார்கள். அந்தக் கணக்கை ஒவ்வொரு குடும்பத்தின் டி.என்.ஏ. அடையாளங்களோடு ஒத்துப் பார்த்தபோது, வேறுபாட்டில் பெரும்பங்கு 9ஆம் குரோமோசோமில் ஒரே இடத்தில் வந்து நின்றது. அந்த இடத்துக்கு 'சப்-1' என்று பெயர் வைத்தார்கள்.

இது லேசில் கிடைக்கும் அதிர்ஷ்டம் அல்ல. மக்காச்சோளத்தில் பூக்கும் காலத்தைத் தீர்மானிப்பது எது என்று எட்வர்டு பக்லர் குழுவினர் சுமார் 5,000 மக்காச்சோள வம்சங்களை வைத்துத் தேடி 2009இல் வெளியிட்ட முடிவு நேர் எதிரானது: ஆளுக்குக் கொஞ்சமாய் வேலை செய்யும் பற்பல இடங்கள், பெரிய கை ஒன்றுகூட இல்லை. மகசூலின் கதையும் பெரும்பாலும் அப்படித்தான். சப்-1 மகசூலைக் கூட்டுவதில்லை. வெள்ளத்தில் போகவிருந்த மகசூலைக் காப்பாற்றுகிறது.

எப்படி? மூழ்கிய சாதாரண நெல் மூச்சுக்காக எட்டி வளர்கிறது. சேமித்த மாவுச்சத்தை அதிலேயே செலவழித்துவிட்டு, வெள்ளம் வடிந்ததும் துவண்டு படுக்கிறது. சப்-1 இருக்கும் பயிர் வளர்ச்சியை நிறுத்திச் சத்தைக் கையிருப்பாக வைத்துக்கொள்கிறது. தண்ணீர் வடிந்ததும் அதை எடுத்துத் துளிர்க்கிறது. இந்த வேலையைச் செய்வது அந்த இடத்திலுள்ள சப்-1ஏ மரபணுதான் என்பது 2006இல் 'நேச்சர்' இதழில் வெளியானது.

இடம் தெரிந்த பிறகு கழிப்பது சுலபமாயிற்று. ஆந்திராவின் ஸ்வர்ணா ரகத்தோடு திரும்பத் திரும்பப் பின்கலப்பு செய்து, ஒவ்வொரு தலைமுறையிலும் டி.என்.ஏ. சோதனையில் தேறிய நாற்றுகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஸ்வர்ணாவுக்குள் மிஞ்சியது எஃப்.ஆர். 13ஏயின் ஒரு சிறு துண்டு. ஸ்வர்ணா சப்-1 இந்தியாவில் 2009இல் வெளியானது. தமிழ்நாட்டுக்கு அதே துண்டு வந்தது, நம் விவசாயிகள் 'ஆயிரத்து ஒன்பது' என்று சொல்லும் சி.ஆர். 1009க்குள். இட்லிக்குப் பேர்போன குண்டு ரகம், நீண்ட நாள் சம்பா. வடகிழக்குப் பருவமழையில் பள்ளக்காலில் மாட்டிக்கொள்ளும் பயிர் இது. வெள்ளம் வராத வருஷத்தில் சப்-1 ரகம் தாய் ரகத்துக்குச் சமமாகவே விளையும். விவசாயி எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

எல்லை உண்டு. இரண்டு வாரம் தாண்டி நிற்கும் தண்ணீரை இந்த மரபணு சமாளிக்காது. நேரடி விதைப்பில் விதை முளைக்கும்போதே வயல் மூழ்கினாலும் இது உதவாது. அதற்கு மியான்மரின் காவ் ஹ்லான் ஓன் நெல்லில் வேறொரு மரபணு இருக்கிறது. 2015இல் அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். நேரடி விதைப்பு பெருகிவரும் தமிழ்நாட்டுக்கு இனி அதுவும் தேவைப்படும்.