கோலார் தங்கவயலும் வெப்பநோய்த் தடுப்பும்

கோலார் தங்கவயல் என்பது இன்றைய கர்நாடக மாநிலத்தில் 1880களில் தொடங்கி 2001 வரை இயங்கிய தங்கச் சுரங்கத் தொகுதியாகும். இதன் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 3 கி.மீ.க்கும் கீழே சென்ற இச்சுரங்கத்தில், கடும் வெப்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காப்பது எப்படி என்ற கேள்வி நாள்தோறும் எழுந்தது. அதற்குக் கிடைத்த விடைகள், தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிபுரம் போன்ற ஊர்களில் வெயிலில் உழைப்பவர்களுக்கும் பயன்படுபவை.

ஆழமும் வெப்பமும்

பூமிக்குள் செல்லச் செல்லப் பாறையின் வெப்பம் கூடும். கோலாரின் அடிமட்டங்களில் பாறை வெப்பநிலை 60 பாகை செல்சியசுக்கும் மேல் இருந்தது. தூசியை அடக்கத் தெளிக்கும் நீர் ஆவியாகிக் காற்றில் ஈரத்தைக் கூட்டியது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடல் குளிராது.

ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் 'ஈரக்குமிழ்' அளவு, வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. காற்றசைவற்ற இடத்தில் இந்த அளவு சுமார் 31 பாகையைத் தாண்டினால், வேலை செய்யாமல் இருப்பவரின் உடல் வெப்பமும் ஏறும் என 1905இல் பிரித்தானிய உடலியங்கியல் அறிஞர் ஜே. எஸ். ஹால்டேன் காட்டினார்.

எடுக்கப்பட்ட நடவடிக்கைகள்

முதல் நடவடிக்கை காற்றோட்டம். பெரிய விசிறிகள் மூலம் மேலிருந்து காற்று செலுத்தப்பட்டது. ஆழம் கூடியபோது அது போதவில்லை. பிரேசிலின் மோரோ வெல்ஹோ சுரங்கத்தில் 1920இல் காற்றைக் குளிர்விக்கும் நிலையம் அமைந்தது. கோலாரிலும் பின்னர் அத்தகைய நிலையங்கள் அமைந்தன. சுரங்கத்துக்குள் தொழிலாளர் மயங்கி விழுவது பற்றி 1940களில் ஏ. காப்லன் என்ற மருத்துவர் ஆராய்ந்து எழுதினார்.

இரண்டாவது நடவடிக்கை உடலைப் பழக்குதல். 1930களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் ஆல்டோ திரெயோஸ்தி என்ற மருத்துவர் இதை முறைப்படுத்தினார். வெப்பத்தில் நாள்தோறும் சிறிது சிறிதாக வேலையைக் கூட்டினால், ஓரிரு வாரங்களில் உடல் விரைவாக வியர்க்கத் தொடங்கும். வியர்வையில் உப்பிழப்பு குறையும். இதயத் துடிப்பும் தணியும். எனவே முதல் சில நாள்களே மிகவும் ஆபத்தானவை.

மூன்றாவது சட்டம். இந்தியாவின் 1961ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள், வேலையிடத்தில் ஈரக்குமிழ் அளவு 33.5 பாகையைத் தாண்டக்கூடாது என்றன. 30.5 பாகையைத் தாண்டினாலே, வினாடிக்கு 1 மீட்டர் வேகத்துக்குக் குறையாத காற்றோட்டம் வேண்டும் என்றும் விதித்தன.

கோலாரிலிருந்து பொட்டிபுரம்

கோலாரின் சாம்பியன் ரீப் சுரங்கத்தில், சுமார் 2.3 கி.மீ. ஆழத்தில், 1965இல் இந்திய, ஜப்பானிய, பிரித்தானிய அறிஞர்கள் வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தனர். சுரங்கம் மூடப்பட்ட பின் இந்த ஆய்வைத் தொடரத் திட்டமிடப்பட்ட இடமே பொட்டிபுரம். இங்கு ஆழத்தில் இறங்கத் தேவையில்லை. போடி மேற்கு மலைக்குள் சுமார் 2 கி.மீ. சுரங்கப்பாதை அமைப்பதே திட்டம். 2015இல் நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது. ஊர் மக்களும் சூழலியலாளர்களும் எதிர்த்தனர். தமிழ்நாடு அரசும் பின்னர் எதிர்ப்புத் தெரிவித்தது.

இத்திட்டப்படி மலைக்குள் வேலை நடந்தால், அங்கு வேலை செய்வோருக்குச் சட்டப்படியான வெப்ப வரம்பு உண்டு. மலையடிவாரத்தில் களை எடுக்கும் கூலித் தொழிலாளிக்கு அப்படி எண்ணால் வகுத்த உச்ச வரம்பு இந்தியச் சட்டத்தில் இல்லை. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலையிடத்தில் நிழல், குடிநீர், முதலுதவி ஆகியவை வேண்டும் என்றது. 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணத்துக்கு வழிசெய்தது. ஆனால் நிவாரணம் தடுப்பு ஆகாது.

போடிப் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வெப்பத்துக்குப் பழகிய உடல், சில வாரங்கள் குளிர்ந்த இடத்தில் இருந்தால் அப்பழக்கத்தை இழந்துவிடும். ஏலத்தோட்டங்களில் பல வாரம் தங்கி வேலை செய்துவிட்டுச் சித்திரை வெயிலில் சமவெளி வயலுக்கு வருபவர், வெப்பத்தைப் பொறுத்தவரை புதிய தொழிலாளியே.

தடுப்பு முறைகள்

* புதியவருக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் தந்து, நாள்தோறும் அதே அளவு கூட்டுதல்.
* தாகம் எடுக்கும் வரை காத்திராமல், 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை நீர் குடித்தல். நீண்டநேரம் வியர்த்தால் உப்பிட்ட மோரோ கஞ்சியோ சேர்த்தல்.
* கடும் வேலையை விடியற்காலைக்கு மாற்றுதல். நிழலில் ஓய்வு அளித்தல். அந்த ஓய்வுக்காகக் கூலியைப் பிடிக்காதிருத்தல்.
* தனியாக வேலை செய்ய விடாமல், இருவர் இருவராகக் கவனித்துக் கொள்ளுதல்.

வெயிலில் வேலை செய்பவர் பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பத்தாக்கு, அதாவது ஹீட் ஸ்ட்ரோக் ஆக இருக்கலாம். உடனே 108க்கு அழைத்து, நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிற வேண்டும். நினைவிழந்தவர் வாயில் நீர் புகட்டக் கூடாது. வண்டி வரும் வரை உடலைக் குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது.