ஓடத்தில் ஏறிய அடுப்பு

வேலூருக்குத் தெற்கே ஜவ்வாது மலையடிவாரத்திலுள்ள அமிர்திக்குச் சென்றவர்கள் அங்குள்ள ஓடையைக் கண்டிருப்பர். மழை பொழிந்த சில மாதங்கள் அது பாறைகளுக்கிடையே சலசலத்து, நாகநதியாகிக் கீழே இறங்கும். கோடையில் கூழாங்கற்களே மிஞ்சும். வடக்கே கிடக்கும் பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி மணலாறு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி முதலான ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் நம்மவர்க்கு ஆறு என்பது காலால் நடந்து கடக்கும் ஓரிடம். படகு என்பது பிறர் சொல்லக் கேட்ட பொருள். ஆயினும் நீரின்மீதே பிறந்து, நீரின்மீதே சோறாக்கி, நீரின்மீதே மூப்பெய்தும் மக்களும் இந்நாட்டில் உளர். அவர்களுள் பெருங்கூட்டத்தார் நம் மார்க்கத்தவர் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கடலோடிகளைப் பற்றி நாம் இங்குப் பேசவில்லை. காயல்பட்டினத்து மரக்காயருக்கும் கீழக்கரை மாலுமிக்கும் மரக்கலம் ஒரு வழி. வீடு கரையில் இருந்தது. ஏரியிலும் ஆற்றிலும் கால்வாயிலும் குடும்பத்தோடு தங்கும் ஓடத்தைப் பற்றியே இக்கட்டுரை. ஓடம் எப்பொழுது வீடாகிறது? கூரை வேய்ந்தவுடன் ஆகிவிடுகிறது என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. அடுப்பு ஏறும்பொழுதுதான் ஓடம் வீடாகிறது. அந்த அடுப்பு எவ்விடத்தில் வைக்கப்பட்டது, யார் கையில் இருந்தது, எப்பொழுது இடம் மாறியது என்று கேட்டுக்கொண்டே போனால் அம்மக்களின் வரலாறு தானே விரியும்.

மரக்கலத்தையும் அடுப்பையும் ஒருங்கே நினைவூட்டும் சரிதை நமக்குப் புதிதன்று. நபி நூஹ் (அலைஹிஸ்ஸலாம்) அவர்களின் காலத்துப் பிரளயம் தொடங்கியதற்கு அடையாளமாகத் திருமறை கூறுவது 'தன்னூர்' பொங்கியதையே. ஹூது அத்தியாயத்தின் 40ஆம் வசனத்திலும், முஃமினூன் அத்தியாயத்தின் 27ஆம் வசனத்திலும் அச்சொல் வருகிறது. தன்னூர் என்பது நிலத்தின் மேற்பரப்பைக் குறிக்கும் என விரிவுரையாளர் சிலரும், ரொட்டி சுடும் அடுப்பே என வேறு சிலரும் உரைத்தனர். அது அன்னை ஹவ்வா (அலை) அவர்களின் அடுப்பு என்ற வழக்கும் உண்டு. இன்று உணவுக்கடைகளில் நாம் கேட்கும் 'தந்தூர்' அச்சொல்லின் வழிவந்ததே. கரையிலிருந்த அடுப்பில் நீர் பொங்கியது. மக்கள் கலத்தில் ஏறினர்.

ஏறியவர் எல்லாரும் அடுப்பையும் உடன் ஏற்றினர் என்று கொள்ள வேண்டா. 14ஆம் நூற்றாண்டில் இந்நாட்டிற்கு வந்த இப்னு பதூதா, கோழிக்கோட்டிலிருந்து கொல்லத்திற்கு ஆற்று வழியாகப் பயணம் செய்தார். அவ்வழியில் செல்வோர் மாலையானதும் கரையேறி ஊர்களில் உறங்கிக் காலையில் படகுக்குத் திரும்புவது வழக்கமென்று எழுதியிருக்கிறார். பகலெல்லாம் படகில் இருந்தும் இரவுக்கும் உணவுக்கும் கரையை நாடியதால் அப்படகு வெறும் ஊர்தியாகவே நின்றது. அதே கோழிக்கோட்டுத் துறையில் அவர் கண்ட சீனக் கப்பல்களின் கதை வேறு. அவற்றில் மாலுமிகளின் பிள்ளைகளும் வாழ்ந்தனர். மரத்தொட்டிகளில் கீரையும் இஞ்சியும் பயிரிட்டனர். தொட்டியில் இஞ்சி வளர்கிறது என்றால் அருகே உலை கொதிக்கிறது என்றுதானே பொருள்!

கலத்தில் தீ மூட்டுவது எளிதன்று. மரத்தாலான தரை, மரத்தாலான சுவர், நாற்புறமும் காற்று. ஆதலால் பலகையின்மேல் மணலையோ களிமண்ணையோ கனமாகப் பரப்பி, அதன்மேல்தான் அடுப்பை அமைக்க வேண்டும். காற்றுத் தீயைப் பாயின் பக்கம் சாய்க்காத இடத்தையும் தேர வேண்டும். இப்பொறுப்பு ஒருவர் கையில் இருக்க வேண்டியதாயிற்று. கப்பலில் சமைப்பவரைக் கடலோடிகள் 'பண்டாரி' என்றனர். கடற்கரை ஊர்களில் நம்மவர் வீட்டு விருந்துக்குச் சமைப்பவரையும் இன்றும் பண்டாரி என்றே அழைக்கிறோம்.

இனி காஷ்மீரத்திற்குச் செல்வோம். தால் ஏரியிலும் ஜீலம் ஆற்றிலும் வாழும் படகு மக்களுக்கு ஹாஞ்சி என்று பெயர். அவர்கள் முஸ்லிம்கள். தம்மை நபி நூஹ் (அலை) அவர்களின் வழித்தோன்றல்கள் என்று அவர்கள் கூறிக்கொள்வதை, 1895இல் வெளிவந்த தம் நூலில் வால்டர் லாரன்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி குறித்திருக்கிறார். காய்கறி பயிரிடுவோர், மீன் பிடிப்போர், நீரில் விளையும் சிங்காரா என்னும் கொட்டையைத் திரட்டுவோர், பயணிகளை ஏற்றிச் செல்வோர் என அவர்களுக்குள் பிரிவுகள் பல. 1586இல் காஷ்மீரம் மொகலாயர் வசமான பின் அங்குச் சென்ற அக்பர், அந்நாட்டில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட படகுகள் இருந்தும் தமக்கு ஏற்றது ஒன்றும் இல்லையென்று கண்டு, நீர்மாளிகைகளைச் செய்வித்தார் என அபுல் ஃபஸ்ல் எழுதுகிறார். அரசருக்காகப் படகை மாற்றியமைத்த செய்தி இது எனலாம். முப்பதாயிரம் என்பதை எண்ணிச் சொன்ன கணக்காகக் கொள்ளாவிடினும், படகின்றி அந்நாட்டில் வாழ்வில்லை என்பதற்கு அது சான்று.

ஹாஞ்சிகள் குடியிருந்த படகு டூங்கா எனப்படும். தட்டையான அடிப்பாகம், ஏறத்தாழ 50, 60 அடி நீளம், ஆறடி அளவே அகலம். தேவதாருப் பலகையால் ஆன உடல். நீரில் நெடுங்காலம் கிடந்தும் எளிதில் உளுத்துப் போகாத மரம் அது. மேற்கூரையும் பக்கச் சுவர்களும் கோரைப்பாய்கள். வெயிற்காலத்தில் பாய்களைச் சுருட்டிவிட்டால் நான்கு திக்கும் திறந்த மண்டபம். பனிக்காலத்தில் இறக்கிக் கட்டினால் மூடிய அறை. படகின் பின்பகுதியில் மண்ணால் மெழுகிய அடுப்பு. அதில் சோறும் கீரையும் தாமரைத்தண்டும் ஏரி மீனும் வெந்தன. புகை எங்கே போகும் என்று கேட்கலாம். பாயின் இடுக்குகள் வழியே தானே வெளியேறியது. இந்தப் பாய்ச்சுவரை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பின்னர் வரும் மாறுதலுக்குத் திறவுகோல் இதுவே.

டிசம்பர் 21இலிருந்து நாற்பது நாட்கள் அங்குக் கடுங்குளிர். சில ஆண்டுகளில் ஏரியே உறைந்துவிடும். பாய்ச்சுவருக்குள் அக்குளிரை எப்படித் தாங்கினர்? அறையைச் சூடாக்க முயலாமல் உடம்பைச் சூடாக்கினர். அதற்கென அமைந்தது காங்கிரி. பிரம்பு போன்ற கொம்புகளால் பின்னிய கூடைக்குள் ஒரு சிறு மண்கலம்; அதில் கரித்தணல். பிரான் என்னும் நீண்ட அங்கிக்குள் அதை வைத்துக்கொண்டு நடப்பர், உட்காருவர். இலையுதிர் காலத்தில் சினார் மரத்தின் சருகுகளைப் பெண்கள் கூட்டிச் சேர்த்து எரித்துக் கரியாக்கி வைப்பது இதற்காகவே. ஓரணா மதிப்பில்லாத சருகு ஒரு குளிர்காலத்தைக் கடத்திவிடும்! ஆனால் அதற்கும் விலை உண்டு. ஆண்டாண்டுக் காலம் வயிற்றிலும் தொடையிலும் தணல் படுவதால் தோலில் புற்றுநோய் தோன்றுவதை எல்ம்ஸ்லி என்னும் மருத்துவர் 1866இலேயே எழுதினார். சமாவார் என்னும் செப்புக் கலத்தின் நடுக்குழாயிலும் அதே கரிதான். அதைச் சுற்றி உப்புத் தேநீர் கொதிக்கும். வீட்டுக்கு ஓர் அடுப்பு, ஆளுக்கொரு காங்கிரி, விருந்தினருக்குச் சமாவார் எனத் தீயை மூன்றாகப் பகிர்ந்து வைத்திருந்த அந்த அறிவை நாம் வியக்கிறோம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் கோடை வெப்பத்திற்கு அஞ்சி அங்கே குவிந்தனர். மகாராஜாவின் ஆட்சியில் அயலார் நிலம் வாங்க இயலாது. நீருக்கோ பட்டா இல்லை. ஆகவே படகைக் கேட்டனர். கடை எரிந்துபோனதால் படகிலேயே வாணிகம் நடத்திய நாராயண்தாஸ் என்னும் பண்டிதரின் படகே ஓர் ஆங்கிலேயர் கைக்குப் போய் முதல் படகுவீடு ஆயிற்று என்பது அங்கு வழங்கும் செய்தி. கென்னர்டு என்னும் ஆங்கிலேயர் பெயரையும் சொல்வர். யாராயினும், தச்சர்கள் செய்த வேலை தெளிவு. பாய் போயிற்று, பலகைச் சுவர் வந்தது. கண்ணாடிச் சன்னல், கம்பளம், வாதுமை மரச் செதுக்குவேலை, ஆணியின்றிச் சிறு துண்டுகளைக் கோத்து அமைக்கும் கத்தம்பந்த் என்னும் மேல்தளம் யாவும் வந்தன. இறையில்லங்களையும் தர்காக்களையும் அணிசெய்த கலை ஏரிக்கு இறங்கியது.

ஆனால் பலகைச் சுவருக்குள் புகை போக வழியில்லை. கத்தம்பந்த் கறுத்துவிடும், துரைமார் இருமுவர். எனவே அடுப்பு வெளியேற்றப்பட்டது. பெரிய படகுக்குப் பின்னால் ஒரு டூங்காவைக் கட்டி, அதைச் சமையற்படகு என்றனர். அடுப்போடு படகுக்காரரின் மனைவியும் மக்களும் முதியோரும் அங்கே போயினர். விருந்தினர் முன்படகில், உரியவர் பின்படகில். இதை அவமானம் என்று எழுதிச் செல்வது எளிது. நாம் அதற்கு உடன்படவில்லை. அடுப்பு எந்தப் படகில் இருந்ததோ அதுவே வீடாகத் தொடர்ந்தது. சித்திர வேலைப்பாடு நிறைந்த முன்படகு வாடகை மண்டபமே ஆயிற்று. ஆயினும் செலவெல்லாம் மண்டபத்திற்கே ஆனதென்பதையும் மறைப்பதற்கில்லை.

நம் தென்னாட்டிலும் இத்தகைய மாற்றம் பிற்காலத்தில் நிகழ்ந்தது. குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குச் சுமந்த கெட்டுவள்ளம் ஆணி இல்லாதது. அயனிப் பலகைகளைக் கயிற்றால் தைத்து, முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயைக் காய்ச்சிப் பூசுவர். நூஹ் நபியின் கலத்தைப் பற்றிக் கமர் அத்தியாயத்தில் வரும் 'துசுர்' என்னும் சொல்லுக்கு ஆணிகள் என்றும், பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறுகள் என்றும் அகராதியார் பொருள் தருவது இங்கே நினைவுக்கு வருகிறது. சாலைகள் பெருகியதும் வள்ளங்களுக்குச் சரக்கு குறைந்தது. 1990களின் தொடக்கத்திலிருந்து அவற்றில் அறைகளும் மூங்கிற் கூரையும் அமைத்துப் பயணிகளுக்கு விடலாயினர். அங்கேயும் சமையற்கட்டு அமரத்தின் பக்கம் ஒதுங்கியது.

சென்னைக்குப் பக்கிங்காம் கால்வாய் இருந்தது. 1806இல் எண்ணூர் வரை வெட்டப்பட்டு, 1877, 1878 பஞ்சத்தில் பட்டினியால் வாடியவர்களின் உழைப்பால் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே இணைக்கப்பட்டது. உப்பும் ஸ்ரீஹரிகோட்டாப் பக்கத்துச் சவுக்கு விறகும் அவ்வழியே வந்தன. நகரத்தின் அடுப்புகளை எரியவைத்த கால்வாய் அது. இன்று அதன்மேல் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன.

படகுவீட்டுக்குத் தீயைத் தவிர இன்னொரு கவலை அடிப்பலகை. மரப்படகைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்து, உளுத்த பலகையை மாற்றி, இடுக்குகளில் நாரைத் திணித்து அடைக்க வேண்டும். இதனை நம் கடற்கரைத் தச்சர் கலப்பத்து என்பர். அறபியிலும் போர்த்துக்கீசியத்திலும் வழங்கும் சொல்லுக்கு உறவான சொல் அது. தால் ஏரியில் இந்த வேலைக்கே தடை வந்தது. ஏரி மாசுபடுகிறதென்ற வழக்கில், 2009ஐ ஒட்டி எழுந்த நீதிமன்ற ஆணைகளின் விளைவாகப் பழுதுபார்ப்பும் புதுப்பிப்பும் முடங்கின. கழிவுநீர் நேரே ஏரியில் விழுந்தது உண்மை. அதனைத் தடுத்ததும் நியாயம். ஆனால் கழிவுக்குழாயைத் தடுக்க அடிப்பலகையைத் தடுத்தது எப்படிப் பொருந்தும் என்பது நமக்கு விளங்கவில்லை. ஓட்டை விழுந்த மரப்படகு ஆணை வரும்வரை காத்திராது. சில படகுகள் நின்ற இடத்திலேயே அமிழ்ந்தன. 2021இல் அரசு நெறிமுறைகள் வகுத்த பின்னரே பழுதுபார்க்க முறையான வழி பிறந்தது.

இடையில் 2014 செப்டம்பரில் ஜீலம் பெருக்கெடுத்து ஸ்ரீநகரை மூழ்கடித்தபொழுது, கல்வீடுகளில் இருந்தோர் பலர் தால் ஏரியின் படகுவீடுகளில் அடைக்கலம் புகுந்தனர். நிலத்து மக்களுக்கு நீர்மக்கள் சோறிட்டனர். நூஹ் நபியின் வழியினர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோருக்கு அந்நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

குளிர்காயும் முறையும் மாறிவிட்டது. பாய் போன பின் அறையையே சூடாக்க வேண்டியதாயிற்று. விறகோ மரத்தூளோ எரியும் புகாரி என்னும் தகரக் கணப்பு வந்தது. அதன் குழாய் தேவதாருக் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே செல்லும். குழாய் மரத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டுத் தகடு பொருத்துவது உயிர்ப் பிரச்சினை. சன்னல்களை இறுக மூடிக்கொண்டு கரி எரித்தால், மணமும் நிறமும் இல்லாத நச்சுக்காற்று உறங்குவோரை உறக்கத்திலேயே கொண்டுபோய்விடும். பின்னர் மின்சாரக் கருவிகளும் மின்கம்பளியும் சேர்ந்தன. எண்ணெய் ஊறிய பழைய மரத்தினூடே மின்கம்பிகள் ஓடின.

2023 நவம்பர் 11ஆம் நாள் விடியலில் தால் ஏரியில் மூண்ட தீயில் ஐந்து படகுவீடுகள் எரிந்து நீர்மட்டம் வரை கரியாயின. வங்கதேசத்திலிருந்து வந்திருந்த பயணிகள் மூவர் மாண்டனர். குளிர்காயும் கருவி ஒன்றின் கோளாறே காரணமென்று அன்று பேசப்பட்டது. நெருங்கி நின்ற படகுகளுக்குத் தீ தாவ அதிக நேரம் ஆகவில்லை. சுற்றிலும் நீர் இருந்தும் அதை இறைத்து ஊற்றும் பொறி உரிய நேரத்தில் எட்டுவது அங்கே அரிது. எரிந்த படகுகளை மீண்டும் கட்டத் தேவதாரு வேண்டும், அரசின் இசைவு வேண்டும், ஆணியின்றிக் கோக்கத் தெரிந்த தச்சரும் வேண்டும். அவர்களின் தொகையோ ஆண்டுதோறும் அருகி வருகிறது.