நான்கு மெகாபைட்டின் வரலாறு

வீட்டுக்கு வரும் ஒரே இணைய இணைப்பைப் பல கணினிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் ரவுட்டர், தரவைத் தேக்கி வைக்காமல் வந்ததை உடனுக்குடன் உரிய இடத்துக்கு அனுப்புவதற்கென்றே உருவானது. ஆதலால் அதை இயக்கும் நிலைமென்பொருளும் உரிமையாளர் செய்யும் அமைப்புகளும் அடங்குமளவு சேமிப்பிடமே அதற்குப் போதுமெனத் தயாரிப்பாளர்கள் கருதினர். மின்சாரம் நின்றாலும் அழியாத ஃபிளாஷ் சில்லு அந்தச் சேமிப்பிடமாகவும், மின்சாரம் உள்ளவரை மட்டுமே தரவைத் தாங்கும் ராம் பணியிடமாகவும் அமைந்தன. தொடக்ககால ரவுட்டர்களில் பெரிதும் பயன்பட்ட நார் வகை ஃபிளாஷ், எந்த பைட்டையும் நேரடியாகப் படிக்க இடந்தரும் நம்பகமான சில்லு என்றாலும் கொள்ளளவுக்கு விலை மிகுந்தது; இலட்சக்கணக்கில் விற்கும் பொருளில் ஒவ்வொரு மெகாபைட்டும் அடக்கவிலையை உயர்த்தியது.

2002ஆம் ஆண்டின் இறுதியில் லிங்க்சிஸ் நிறுவனம் வெளியிட்ட டபிள்யூஆர்டி54ஜி இதற்குத் தக்க சான்றாகும். அதன் 4 மெகாபைட் ஃபிளாஷின் தொடக்கத்தில் கருவியை எழுப்பும் சிறு நிரலும், நடுவே சுருக்கப்பட்ட லினக்ஸ் இயங்குதளமும் அமைப்புப் பக்கங்களும், இறுதியில் கடவுச்சொல் முதலிய அமைப்புகளுக்கான சிறு பகுதியும் இடம்பெற்றன. லினக்ஸின் உரிம விதிப்படி 2003இல் மூலநிரல் வெளியானதும் ஆர்வலர்கள் தாமே நிலைமென்பொருள் எழுதத் தலைப்பட, 2004இல் ஓபன்டபிள்யூஆர்டி திட்டம் பிறந்தது. ஆனால் 2005இல் வந்த ஐந்தாம் பதிப்பில், குறைந்த இடத்தில் இயங்கும் விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளம் லினக்ஸுக்கு மாற்றாக வைக்கப்பட்டு, ஃபிளாஷ் 2 மெகாபைட்டாகவும் ராம் 16இலிருந்து 8 மெகாபைட்டாகவும் பாதியாக்கப்பட்டன. பழைய அளவுகளை விரும்பியோருக்கு டபிள்யூஆர்டி54ஜிஎல் என்னும் தனி மாதிரி விற்கப்பட்டது.

இந்நெருக்கடியே ஆர்வலர்களின் கைத்திறனைக் கூர்மைப்படுத்தியது. அடிப்படைக் கோப்புகளை ஸ்குவாஷ்எஃப்எஸ் என்னும் படிக்க மட்டுமே இயலும் சுருக்க அமைப்பில் அடைத்து, மாற்றங்களை மட்டும் அதன்மேல் ஒரு மெல்லிய அடுக்கில் எழுதும் முறையை ஓபன்டபிள்யூஆர்டி கைக்கொண்டது. இம்முறையில் அடிப்படைக் கோப்பு ஒன்றை அழித்தாலும் இடம் மிஞ்சுவதில்லை; கோப்பு கீழடுக்கில் அப்படியே இருக்க, அது மறைந்துவிட்டது என்ற குறிப்பு மேலடுக்கில் கூடுதலாக எழுதப்படும்.

எனினும் லினக்ஸ் ஆண்டுதோறும் பருத்துவந்ததால், 4 மெகாபைட் ஃபிளாஷும் 32 மெகாபைட் ராமும் கொண்ட கருவிகளுக்கு 19.07 வரிசையே ஓபன்டபிள்யூஆர்டியின் இறுதி அதிகாரபூர்வ வெளியீடாயிற்று. அதற்கான ஆதரவும் 2022இல் முடிந்தது. மின்சுற்று பழுதடையாத கருவியும், பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்க இடமில்லாமையால் பயன்பாட்டிலிருந்து விலக நேர்கிறது. தயாரிப்பில் மிச்சப்பட்ட சிறு தொகைக்கு ஈடாக உரிமையாளர் புதுக் கருவி வாங்க வேண்டியிருப்பதால், சேமிப்பிடத்தின் அளவே ரவுட்டரின் ஆயுளையும் வரையறுக்கிறது எனல் தகும்.