வீடியோ காலும் அரை நொடி தாமதமும் - ஒரு சிறு வரலாறு

"ஹலோ... ஹலோ... கேக்குதா?"

திருவேங்கடத்தில் இருந்து சிங்கப்பூருக்கு வீடியோ கால் போட்டால் முதல் வசனம் இதுதான். "சாப்பிட்டியாப்பா?" என்று அம்மா கேட்பார். பதில் வருவதற்குள் "வேலை எப்படி இருக்கு?" என்று அடுத்த கேள்வியும் போய்விடும். முதல் கேள்விக்கான பதில் அப்போதுதான் வந்து சேரும். இருவரும் நிறுத்துவார்கள். இருவரும் ஒரே நேரத்தில் மறுபடி ஆரம்பிப்பார்கள்!

பேச்சு இயல்பாக நடக்க ஒரு பக்கம் போய்ச்சேரும் நேரம் 150 மில்லி நொடிக்குள் இருப்பது நல்லது, 400ஐத் தாண்டவே கூடாது என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. குரலை அனுப்பவே இந்தக் கெடுபிடி என்றால், படத்தை எப்படி அனுப்புவது?

1980களில் வீடியோ காலுக்கு வைத்திருந்த படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிகள். நொடிக்கு 30 படங்கள் என்றால் சுருக்காமல் அனுப்ப நொடிக்கு 3.6 கோடி பிட்டுகள் வேண்டும். கையில் இருந்த டிஜிட்டல் தொலைபேசி இணைப்பில் போனதோ 64 ஆயிரம். ஒட்டகத்தை ஊசிக் காதில் நுழைக்கிற கதைதான்.

அந்த ஒட்டகத்தைச் சுருக்கும் கணக்கைக் கண்டவர் நம் பக்கத்து ஊர்க்காரர். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது 1972இல் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் நிதி கேட்டார். யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. மாணவர் நடராஜன், நண்பர் கே.ஆர்.ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையை வெளியிட்டார். (ராவ் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர்.) டி.சி.டி எனப்படும் அந்தக் கணக்கு படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களைத் தள்ளிவிட வழி செய்கிறது. 1988இல் வந்த எச்.261 என்ற வீடியோ கால் தரமும், பிறகு வந்த வி.சி.டி.யும் இதை வைத்துத்தான் ஓடின.

ஆனால் இரண்டுக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. வி.சி.டி.யில் ஒரு காட்சியைச் சுருக்கும்போது அதற்கு அடுத்து வரப்போகும் காட்சியையும் பார்த்துக்கொள்ளலாம். இடம் நிறைய மிச்சம். சினிமா அரை நொடி தாமதமாக ஆரம்பித்தால் யார் கேட்கப்போகிறார்கள்? நேரடிப் பேச்சிலோ அடுத்த காட்சி இன்னும் நடக்கவே இல்லை, அதற்காகக் காத்திருந்தால் காத்திருந்த நேரமெல்லாம் தாமதம். அதனால் எச்.261 பின்னால் மட்டுமே பார்த்தது. இடத்தில் மிச்சம் பிடித்தால் நேரத்தில் செலவு. வரவு ஒரு பக்கம் என்றால் பற்று மறுபக்கம்!

இந்தக் கணக்கு நம் ஊர்ப் பக்கம் வந்தது சினிமாவுக்காக அல்ல, கண்ணுக்காக. திருவேங்கடத்தில் இருந்து கோவில்பட்டி தாண்டிப் போனால் எட்டயபுரம். அதன் அருகே உள்ள வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ.வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமத்து நோயாளிக்கு மருத்துவமனைக்குப் போவதென்றால் பஸ் செலவு மட்டுமில்லை, ஒரு நாள் கூலியும் போய்விடும். பலர் பார்வை மங்குவதைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

செயற்கைக்கோள் ஒரு வழி. 2001இல் இஸ்ரோ மருத்துவமனைகளை அப்படி இணைக்கத் தொடங்கியது. ஆனால் அந்தக் கோள் இருப்பது சுமார் 36,000 கி.மீ. உயரத்தில். சிக்னல் ஏறி இறங்கக் கால் நொடி, கேள்விக்குப் பதில் வர அரை நொடி. எப்படிச் சுருக்கினாலும் இது குறையாது. கட்டணமும் அதிகம்.

2000களின் நடுப்பகுதியில் தேனி அரவிந்த் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவும் வேறு வழி பார்த்தார்கள். சாதாரண வைஃபை கருவியை உயரமான கோபுரத்தில் ஏற்றி, சுற்றியிருந்த ஐந்து சிறு கண் மையங்களை இணைத்தார்கள். மையத்தில் இருக்கும் பணியாளர் கண்ணைப் பரிசோதித்துப் படம் எடுத்து அனுப்புவார். தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசுவார்.

இங்கேயும் தாமதம் வில்லனாக வந்தது, ஆனால் மிகச் சின்ன உருவத்தில். வைஃபை வீட்டுக்குள் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. ஒவ்வொரு பொட்டலத்தையும் அனுப்பிவிட்டு "கிடைத்தது" என்ற பதிலுக்குச் சில பத்து மைக்ரோ நொடிதான் காத்திருக்கும். 15 கி.மீ. தள்ளி இருந்தால் போய்வரவே 100 மைக்ரோ நொடி. பதில் வழியில் இருக்கும்போதே தொலைந்துவிட்டது என்று முடிவு செய்து மறுபடி அனுப்பும். அனுப்பியதையே அனுப்பி இணைப்பு திணறும். சுருக்கிய வீடியோவில் ஒவ்வொரு காட்சியும் முந்தைய காட்சியில் இருந்து என்ன மாறியது என்பதை மட்டுமே சொல்வதால், ஒரு பொட்டலம் உண்மையிலேயே தொலைந்தாலும் பின்னால் வருவதெல்லாம் கலங்கும்.

ரபின் பத்ரா, லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன், எரிக் புரூவர் உள்ளிட்டோர் 2007இல் 'வைல்ட்நெட்' என்ற பெயரில் இதற்குத் தீர்வை வெளியிட்டார்கள். இரு முனைகளும் முறை வைத்துப் பேச வேண்டும். ஒரு முறையில் பல பொட்டலங்கள், அவ்வளவுக்கும் சேர்த்து ஒரே ரசீது. கூடவே கொஞ்சம் உபரிப் பொட்டலங்கள். மொத்தத் தொகை தெரிந்தால் விட்டுப்போன ஒரு பதிவைக் கழித்துக் கண்டுபிடிப்போம் அல்லவா, அதே வேலைதான். தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்கும் நேரம் மிச்சம். முறையின் நீளத்தைக் கூட்டினால் நிறையப் போகும், ஆனால் தாமதமாகும். வீடியோவுக்குக் குறைத்து வைக்க வேண்டும்.

2011இல் கூகுள் திறந்துவிட்ட வெப்ஆர்டிசி இன்னும் ஒரு படி மேலே போனது. பொட்டலங்கள் வந்து சேரும் இடைவெளி கூடுவதைக் கவனித்து, நெரிசல் முற்றும் முன்பே வீடியோவை இன்னும் இறுக்கிச் சுருக்கச் சொல்லும். சிங்கப்பூரில் இருக்கும் மகனின் முகம் சட்டென்று கட்டம் கட்டமாக மாறுவது அந்த நேரத்தில்தான். அவை 1974இன் அதே கட்டங்கள். முகம் மங்கும், "சாப்பிட்டேம்மா" மட்டும் நேரத்துக்கு வந்துவிடும்.